நீச்சலும் தேக நலமும்



நீந்தத் தெரிந்தவர்களிலும் பலர், தடாகத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரையை அடைவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றனர். “இது என் வயதுக்கு ஏற்றதன்று” எனக் கூறிக் கரையேறியும் விடுகின்றனர். பெரும்பாலும் குறை வயதில் இல்லை; நீந்தும் முறையிலேயே இருக்கின்றது.

நீர், காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி வாய்ந்தது. நீந்துபவர் தமது வேகத்தை இருமடங்காக்க முயன்றால், நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனை எதிர்ப்பதற்கு ஒவ்வொரு கணமும் வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகும். ஆகவே, நீரோடு போராடுபவர் விரைவில் களைப்பார். தடையைக் குறைப்பவரே நெடுந்தூரம் செல்வார். 1954ஆம் ஆண்டில் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தவர் நவரத்தினசாமி. 1971இல் அதனை இருவழியும் நீந்தியவர் ஆழிக்குமரன் ஆனந்தன். மணிக்கணக்காக நீடிக்கும் அத்தகைய நீச்சலில் வலிமையை வாரி இறைக்க இயலாது, சிக்கனமே கைகொடுக்கும்.

அச்சிக்கனத்துக்கு வழி யாது? முதலாவது, தலையின் நிலை. மூச்சுக்காகத் தலையை மேலே தூக்கினால் இடுப்பும் கால்களும் தாழ்ந்து, தடை பெருகும். ஆதலால் முகத்தை நீருள் வைத்துத் தடாகத்தின் அடித்தளத்தை நோக்குங்கள். மூச்சை நீருக்குள்ளேயே சிறிது சிறிதாக வெளிவிடுங்கள். பின்னர் உடலோடு சேர்த்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மூச்சை உள்ளிழுங்கள்.

இரண்டாவது, கைவீச்சு. தோளுக்கு நேரே கையை முன்னே நீட்டி இறக்கிய பின், முழங்கையை உயர்த்தியவாறே உள்ளங்கையையும் முன்கையையும் துடுப்பாக்கி, நீரைப் பின்னோக்கித் தள்ளவேண்டும். நீரைக் கீழ்நோக்கி அழுத்துவது உடலை மேலே தூக்குமேயன்றி முன்னே செலுத்தாது.

மூன்றாவது, கால். கணுக்காலைத் தளர்த்தி, இடுப்பிலிருந்து சிறிதாக அடித்தல் போதும். தொடையின் பெருந்தசைகள் மிகுந்த பிராணவாயுவை வேண்டுவன. வேகமான உதைப்பு மூச்சை விரைவில் தீர்த்துவிடும்.

இனி ஒரு சோதனை. 25 மீற்றர் தூரத்துக்கு எத்தனை கைவீச்சுகள் என்பதை எண்ணுங்கள். அதே நேரத்துள் அதே தூரத்தைக் குறைந்த வீச்சுகளில் கடப்பீர்களாயின், முறை திருந்தி வருகின்றது என்பது பொருள்.

“சிக்கனமாக நீந்தினால் கலோரியும் குறைவாகத்தானே செலவாகும்?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சுற்றைக் கணக்கிட்டால் அது உண்மையே. ஆனால், கைகால்களை அடித்து இரண்டு நிமிடத்தில் ஓய்பவர் முப்பது கலோரியும் செலவிடமாட்டார். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நிதானமாக அரைமணி நேரம் நீந்தினால் ஏறக்குறைய 200 கலோரி செலவாகும். அது ஒரு கோப்பைச் சோறு தரும் சக்திக்குச் சமம். தொடர்ந்து நீந்தும் ஆற்றலே பயனைத் தருகின்றது. அவ்வாற்றலைத் தருவது நல்ல முறை.

கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவருடைய எடையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கையே தாங்குகின்றன. ஆதலால், முழங்கால் வலியினால் நடைப்பயிற்சியைக் கைவிட்டவருக்கும் நீரில் இடமுண்டு.

தொடங்குபவர் ஒரு சுற்று நீந்தி, மூச்சு சீராகும்வரை இளைப்பாறி, மீண்டும் நீந்தட்டும். முதல் வாரத்தில் பத்து நிமிடம் போதும். பின்னர் படிப்படியாக அரைமணியாக உயர்த்தலாம். வாரத்துக்கு ஐந்து நாட்கள் அவ்வாறு நீந்தினால், உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு விதந்துரைக்கும் குறைந்தபட்ச அளவான 150 நிமிடப் பயிற்சி நிறைவுறும்.

இருதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்றே தொடங்கவேண்டும். எவரும் தனியே நீரில் இறங்கலாகாது. தடாகத்தில் பெற்ற துணிவை மட்டும் நம்பிக் கடல் நீரோட்டத்தில் இறங்குவது உயிருக்கே ஆபத்தாகும்.

கடல் சூழ்ந்த இத்தீவில் வாழும் நாம் முறையான நீச்சலை நாமும் பழகி, நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாக. அது தேக நலத்தைக் காக்கும். ஆபத்து வேளையில் உயிரையும் காக்கும்.