பார்லிமெண்ட் போனது, கலப்பை வந்தது

(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் பேசச் சொன்னார் செயலாளர். பசி நேரம், அதனால் விவசாயத்தைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

1707இல் ஸ்காட்லாந்து தன் பார்லிமெண்டை விட்டுவிட்டு இங்கிலாந்தோடு சேர்ந்தது. அப்புறம் "நாங்க யாரு?" என்ற கேள்வி வரும் இல்லையா? படித்தவர்கள் கண்ட பதில்களில் ஒன்று, நிலத்தைத் திருத்துவது. 1723இல் எடின்பரோவில் நிலச்சுவான்தார்கள் கூடி அதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். மாட்டுக்குக் குளிர்காலத் தீவனமாக டர்னிப் கிழங்கு போடுவதுகூட தேசத்தொண்டாகிவிட்டது!

கேம்ஸ் பிரபு என்று ஒரு நீதிபதி. எண்பது வயதில், 1776இல், விவசாயப் புத்தகம் எழுதியவர். பிளேர் டிரம்மண்ட் என்ற ஊரில் அவர் குடும்பத்து நிலத்தின் மேல் ஆழமாக மட்கிய பாசிமண் மூடிக் கிடந்தது. அடியில் அருமையான களிமண். என்ன செய்தார் தெரியுமா? மேல்மண்ணை வெட்டி வாய்க்காலில் தள்ளி, தண்ணீரோடு ஃபோர்த் ஆற்றுக்கே அனுப்பச் சொன்னார். அவருக்குப் பிறகு மகனும் அதைத் தொடர்ந்தார். வெட்டியவர்களில் பலர் மலைநாட்டிலிருந்து வந்த, கேலிக் மொழி பேசும் ஏழைகள். குடும்பத்துக்குச் சில ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. பாடு அவர்களுடையது, பேர் கேம்ஸுடையது.

அடுத்து ஜான் சிங்கிளேர். ஊர் ஊராகப் பாதிரியார்களுக்கு 160க்கு மேற்பட்ட கேள்விகளை அனுப்பி, மண், விளைச்சல், ஜனத்தொகை என்று எல்லாம் விசாரித்து, 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகள் போட்டார். 'ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஜனங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அளப்பதே நோக்கம் என்றார்.

அதே சிங்கிளேர்தான் வடகோடி கெய்த்னஸுக்குச் செவியட் ஆடுகளையும் கொண்டுபோனவர். சிறு குடியானவனும் ஆடு வளர்க்கலாம் என்பது அவர் எண்ணம். நிலச்சுவான்தார்கள் கணக்கு வேறே. குடிகளைக் கிளப்பிவிட்டுப் பெரிய ஆட்டுப் பண்ணைக்கு விட்டால் குத்தகை கூடுதல்! 1792இல் ராஸ் பகுதி ஜனங்கள் திரண்டு ஆடுகளை ஊரைவிட்டே ஓட்டப் பார்த்தார்கள். பட்டாளம் வந்தது. பின்னால் சதர்லாந்தில் ஆயிரக்கணக்கானோரைக் கடற்கரைக்குத் தள்ளினார்கள். அதற்கும் 'மேம்பாடு' என்றுதான் பேர்.

தேசம், தேசம் என்றார்களே, அதில் இந்த ஜனங்கள் உண்டா? மண்ணைத் திருத்தக் கூப்பிட்டார்களே தவிர, யோசனை கேட்கக் கூப்பிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டுப் பண்ணை வந்தபின் தங்கள் ஊரில் குடிகள் குறைந்துபோனதைச் சில பாதிரியார்கள் ஒளிக்காமல் எழுதியனுப்பினார்கள். சிங்கிளேரும் அதை அப்படியே அச்சில் ஏற்றியிருக்கிறார். அந்தத் தொகுதிகள் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.