தொட்டில் வீட்டுக்கு என்ன வேண்டும்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியில் நான் படித்தது ஒரே ஒரு வருஷம்தான். 1975-76, புகுமுக வகுப்பு. அப்புறம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டேன். ஆனால் சங்கத்துக்குச் சந்தா வாங்கும்போது யாரும் அந்த வருஷக் கணக்கைப் பார்க்கவில்லை! செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'குழந்தை வளர்ப்பு'. இருபது நிமிஷத்தில் குழந்தையை வளர்த்துவிட முடியாது. அதனால் நானே சுருக்கிக்கொண்டேன். குழந்தை பிறந்த வீட்டில் என்ன சாமான் வேண்டும், என்ன சாமான் வேண்டாம், அவ்வளவுதான்.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். குழந்தை மருத்துவரான என்னிடம் வருகிற இளம் தகப்பனார்கள் செல்போனை நீட்டி, "டாக்டர், இதெல்லாம் வாங்கணுமா?" என்று கேட்கிறார்கள். பார்த்தால் கல்யாண மளிகை லிஸ்ட் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. பால் பாட்டிலைச் சூடுபண்ண ஒரு மெஷின், கழுவ ஒரு மெஷின், துடைக்கிற ஈரக் காகிதத்தை வெதுவெதுப்பாக வைக்க ஒரு மெஷின்! நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதை வெளியே வைத்தாலே போதுமே.

நம் பாட்டிமார்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறக்கிறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக் கூடாது என்பார்கள். பிறந்ததும் புதுத்துணி போட மாட்டார்கள், பழந்துணிதான். பேர் வைக்கிற அன்றைக்குத்தான் புதுசு. காரணம் அவர்கள் என்ன சொன்னாலும் சரி, பல தடவை துவைத்த பருத்தித் துணி குழந்தையின் தோலுக்கு இதம் என்பது உண்மை. வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் காயப்போட்ட பழைய வேட்டியையும் நூல் சேலையையும் கிழித்து ஒரு இருபத்தைந்து துணி தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

துணியில் இன்னொரு சௌகரியம். முதல் வாரம் கழிந்த பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால், எடையும் ஏறினால், பால் போதுகிறது என்று அர்த்தம். "எனக்குப் பால் பத்தலை டாக்டர்" என்று அழுகிற பெண்ணிடம் நான் முதலில் கேட்பது ஈரத்துணிக் கணக்கைத்தான். பெரிய டயபர் போட்டு வைத்தால் அந்தக் கணக்கு தெரியாது. அதற்காக டயபரே கூடாது என்கிற கட்சி இல்லை நான். பயணத்துக்கும் ராத்திரிக்கும் போடட்டும். துவைத்துப் போட ஆள் இல்லாத வீட்டில் டயபரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

படுக்கை. அழுத்தமான, மட்டமான விரிப்பு போதும். தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரணும் என்று கடுகுத் தலையணை தைத்துத் தருகிற பாட்டிகள் இந்த ஹாலிலேயே இருப்பீர்கள். நானும் பாட்டிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி 1994-ல் அமெரிக்காவில் ஒரு பிரசாரமே நடத்தினார்கள். தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகிற குழந்தைகளின் எண்ணிக்கை சில வருஷங்களில் பாதியாகக் குறைந்தது. தொட்டிலைச் சுற்றிக் கட்டுகிற பஞ்சுமெத்தை விளிம்பை அங்கே 2022-ல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். இங்கே அது இன்னமும் பரிசுப் பொருளாக வருகிறது.

சேலைத் தூளி நம் சொத்து. ஆனால் குழந்தை தூளியில் இருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கணும். இன்னொரு விஷயம், குழந்தையை எடுத்த பிறகு தூளியை அவிழ்த்துவிடுங்கள். மூத்த பிள்ளை அதில் ஏறி முறுக்கி விளையாடும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும். இது நடக்கிற விபத்து.

கொசுவலை அவசியம். நகவெட்டி, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் அவசியம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் ஓடணும். கண்மை வேண்டாம். சிலதில் ஈயம் கலந்திருக்கிறது. திருஷ்டிக்குத்தான் என்றால் உள்ளங்காலில் வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம். கிரைப் வாட்டர்? 1851-ல் இங்கிலாந்தில் வுட்வர்ட் என்பவர் தயாரித்தது. நெடுங்காலம் அதில் ஆல்கஹால் சேர்த்திருந்தார்கள். குழந்தை ஏன் சமர்த்தாகத் தூங்கியது என்று இப்போது புரிகிறதா? இன்றைக்குக் கிடைப்பதில் ஆல்கஹால் இல்லாவிட்டாலும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர அதுவும் தேவையில்லை.

வாக்கர் என்று உட்காரவைத்துத் தள்ளுகிற வட்ட வண்டி இருக்கிறதே, அதைக் கனடாவில் 2004-லேயே விற்கக் கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். படியில் உருளும், அடுப்பு வரைக்கும் போகும். நடக்கிற வயசும் அதனால் முந்தாது. நம் மர நடைவண்டி வேறே. அதைப் பிள்ளை தானே நின்று, தானே தள்ளணும்.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். நான் பேச ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான்.

சில வருஷம் முன்னால் நாலு மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், உச்சிக்குழி அமுங்கி, அழக்கூடத் தெம்பில்லை. தகப்பனாருக்குச் சுமாரான சம்பளம். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். தவணையில் வாங்கின ஸ்ட்ரோலர் இருக்கிறது. மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை, அது மடிந்தபடியே கிடக்கிறது. பாட்டம் போட்டு ஆடுகிற தொட்டில் இருக்கிறது. பவுடர் டப்பாவும் அரை டஜன் பாட்டிலும் இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு மட்டும் லீவு இல்லை. வேலை பார்த்த இடத்தில், வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம் என்றார்களாம். மூன்றாம் மாதமே வேலைக்குப் போனாள். டப்பா மாசக் கடைசி வரை வரணுமே என்று மாமியார் மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் ரெண்டு போட்டிருக்கிறார். பாவம், அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பாட்டில் கழுத்தில் விரலைவிட்டுப் பார்த்தேன், பிசுபிசு என்றிருந்தது.

நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்தது. தாயைப் பக்கத்திலேயே வைத்துத் திரும்பப் பால் கொடுக்க வைக்க மூன்று வாரம் ஆயிற்று.

பால்மாவுக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே இந்தியாவில் சட்டம் இருக்கிறது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். விளம்பரத்தைத் தடுக்கலாம், வளைகாப்புப் பரிசை யார் தடுப்பது? பீய்ச்சி எடுத்த பாலைக் கொடுக்க நம்மிடம் பாலாடை இருக்கிறது, சங்கு இருக்கிறது. மூலை முடுக்கு இல்லாத பாத்திரம், சுலபமாகக் கழுவலாம், கொதிக்க வைக்கலாம். குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட மருத்துவமனைகளிலும் அதைப் பயன்படுத்துகிறோம். இங்கிலீஷ் மருத்துவக் கட்டுரைகளில்கூட 'பாலாடை' என்றே அதன் பெயரை எழுதுகிறார்கள்.

2015-ல் தமிழக அரசு, அரசு மருத்துவமனையில் பிறக்கிற குழந்தைகளுக்கு 16 பொருள் கொண்ட பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை எல்லாம் இருந்தன. ஷாம்பு இல்லாமலும் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. அதில் பாட்டில் இல்லை. தாய்க்கென்று கை கழுவுகிற திரவமும், சௌபாக்கிய சுண்டி லேகியமும் வைத்திருந்தார்கள். கடைப் பட்டியல் எதிலாவது அம்மாவுக்கென்று ஒரு பொருளைப் பார்த்திருக்கிறீர்களா?

வாங்கியே ஆக வேண்டியது ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் வாங்குவதில்லை. கார் வைத்திருப்பவர்கள் குழந்தை இருக்கை வாங்குங்கள். மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருவது பாசமில்லை, ஆபத்து. ஸ்கூட்டர்காரர்களுக்கு 2022-ல் விதி வந்தது. நாலு வயசுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு பிணைக்கிற பட்டை வேண்டும், ஒன்பது மாதம் முதல் ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தையை ஸ்கூட்டரில் ஏற்றாமலே இருந்தால் ரொம்ப விசேஷம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பையும் கேளுங்கள். பெண்கள் மட்டுமில்லை, பையன்களும் தங்களுக்கு என்ன லீவு உண்டு என்று கேட்கணும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனங்களில் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் என்று 2017-ல் ஆயிற்று. இங்கே பழைய மாணவர்களில் கம்பெனி நடத்துகிறவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இருப்பீர்கள். உங்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத சாமான் அதுதான்.

நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டுப் பரிசு தரப் போகிறீர்களா? அவர்களிடமே கேட்டுவிட்டு, ஒரு மாதத்துக்குத் துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். படத்தில் நன்றாக இருக்காது, அது வாஸ்தவம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். பந்தி தயார் போலிருக்கிறது. கடுகுத் தலையணை விஷயமாகச் சண்டை போட விரும்பும் பாட்டிகள் சாப்பாட்டு ஹாலில் என் பக்கத்து இலையில் உட்காரலாம்.