கோக்ராஸமும் பசுவின் வயிறும்

(அகமதாபாத்தில் நடந்த உறுப்பினர்களின் பொங்கல் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

மாட்டுப் பொங்கலை ஒட்டிக் கூடுகிறோம், பசுவைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கோமாதாவின் மஹிமையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான வைதிகர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். நான் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் புரட்டியவன். ஆகவே மஹிமையை அவர்களிடம் விட்டுவிட்டு, பசுவின் வயிற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இதில் எனக்கு அக்கறை வந்ததற்குக் காரணம் நானே செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் பேரனுக்கு ஆயுஷ்ஹோமம் செய்தோம். வருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் வரவில்லை. சாதமும் சர்க்கரைப் பொங்கலும் ஏராளமாக மிஞ்சின. அன்னத்தை வீணாக்கலாமா? பசுவுக்குப் போட்டால் புண்ணியமாயிற்றே என்று இரண்டு பெரிய வாளிகளில் எடுத்துக்கொண்டு, எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்த பால்காரரின் கொட்டிலுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். பசு ஆசையாகச் சாப்பிட்டது. கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, திருப்தியாகத் திரும்பினேன்.

மறுநாள் காலை பால் வரவில்லை. பால்காரர்தான் வந்தார். "சாஹேப், பசு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது" என்றார். போய்ப் பார்த்தேன். இடது பக்க வயிறு உப்பியிருந்தது. அசைபோடவில்லை. சாணம் தண்ணீராய்ப் புளித்த நாற்றத்துடன் போயிற்று. வந்த கால்நடை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நேற்று என்ன தின்றது?" என்பதுதான். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு நாள் சிகிச்சையில் பசு பிழைத்தது. ஆனால் அதன்பின் குளம்புகளில் அழற்சி கண்டு நொண்ட ஆரம்பித்தது. பால் பாதியாகக் குறைந்தது. அந்தக் கறவையில் பழைய அளவுக்கு வரவே இல்லை. சிகிச்சைச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். குறைந்த பாலுக்கு என்ன செய்வது? அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. நாம் சாப்பிடும் சாதம் பசுவுக்கு எப்படி விஷமாகும் என்று அன்றைக்குத்தான் படிக்க உட்கார்ந்தேன்.

வயிறா, பானையா?

பசுவின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறைக்கு ரூமென் என்று பெயர். வளர்ந்த பசுவுக்கு அது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு பெரிய நொதிக்கும் பானை. அதற்குள் பாக்டீரியா, ஓரணு உயிர்கள், பூஞ்சைகள் என்று கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அந்த நீரில் ஒரு மில்லிலிட்டரில் மட்டும் பாக்டீரியா சுமார் ஆயிரம் கோடி இருக்கும். புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நாரைச் செரிக்கும் சக்தி பசுவின் உடம்புக்கு இல்லை. அந்த வேலையைச் செய்பவை இந்த நுண்ணுயிர்கள்தாம். நாம் தீவனம் போடுவது இவற்றுக்கு. பசுவுக்குச் சாப்பாடு போடுவது இவை.

இவை நாரை நொதிக்க வைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் என்ற மூன்று அமிலங்களை உண்டாக்குகின்றன. பசுவுக்குச் சக்தி பெரும்பாலும் இவற்றிலிருந்தே கிடைக்கிறது. வேலை முடிந்த நுண்ணுயிர்களும் நான்காவது அறையான உண்மையான வயிற்றுக்குப் போய்ச் செரிமானமாகி, பசுவுக்குப் புரதமாகின்றன.

இவ்வளவு அமிலம் சேர்ந்தால் பானை புளித்துப் போகாதா? போகாமல் காப்பது உமிழ்நீர். பசு ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் அசைபோடுகிறது. அப்போது சுரக்கும் உமிழ்நீர், நல்ல கறவைப் பசுவுக்கு ஒரு நாளில் 100 லிட்டரைத் தாண்டும். அதில் பைகார்பனேட், அதாவது நம் வீட்டு சமையல் சோடாவில் உள்ள அதே சரக்கு, நிறைய இருக்கிறது. அது அமிலத்தை அவ்வப்போது சமன் செய்கிறது. ஆனால் நார் இருந்தால்தான் அசைபோடும். அசைபோட்டால்தான் உமிழ்நீர் ஊறும். சாதத்தை அசைபோட என்ன இருக்கிறது?

இட்லி மாவை வெயில் காலத்தில் வெளியே வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் என்ன ஆகும் என்பது இங்குள்ள மாமிகளுக்குத் தெரியும். வெந்த சாதமும் வெல்லமும் வாளிக்கணக்கில் உள்ளே போனால் ரூமெனிலும் அதுதான் நடக்கிறது. மாவுச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையே இருக்கும் பி.எச். அளவு, 5.5-க்கும் கீழே இறங்குகிறது. நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அமிலம் ரத்தத்தில் ஏறுகிறது. பசு படுத்துவிடுகிறது. டாக்டர்கள் இதை அசிடோசிஸ் என்கிறார்கள். தீவிரமானால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறித் தின்ற ஐந்து பசுக்கள் ஒரே பண்ணையில் இறந்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். காரணம் இதேதான்.

பாலின் கணக்கு

பாலில் ஆடை படியவில்லை என்றால் பால்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தீவனமும் ஒரு காரணம். நாரிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்புக்கு மூலப்பொருள். தானியத்திலிருந்து அதிகம் வரும் புரோப்பியானிக் அமிலம் ஈரலில் குளுக்கோஸாகி, மடியில் பால் சர்க்கரையாகிறது. பால் சர்க்கரை எவ்வளவு சேர்கிறதோ அதற்கேற்ப நீரும் சேர்ந்து பாலின் அளவு கூடுகிறது. எனவே நாரே இல்லாமல் தானியத்தைத் திணித்தால் பால் அளவு கூடினாலும் கொழுப்பு குறையும். வெறும் வைக்கோலைப் போட்டால் பசு உயிரோடு இருக்கும், பால் இருக்காது. இரண்டும் அளவோடு வேண்டும்.

பால் பண்ணைக்காரர்கள் கையாளும் பொதுவான கணக்கு இது: பசுவின் உடல் நிலைக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை அடர்தீவனம்; அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. இதோடு பசும்புல், உலர்ந்த தட்டை அல்லது வைக்கோல், தாது உப்புக் கலவை, வேண்டிய மட்டும் தண்ணீர். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான் என்பதால், தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஆனந்தில்தான் 1965-ல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. 2012-ல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், அந்த வாரியத்தின் மூலம் கிராமத்துக்கு ஓர் ஆளைப் பழக்கி, ஒவ்வொரு மாட்டின் எடை, பால், வீட்டிலுள்ள தீவனம் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டு, எதை எவ்வளவு கொடுக்கலாம் என்று விவசாயிக்குச் சொன்னார்கள். பெரும்பாலும் இருப்பதையே சரியாகக் கலந்ததில் செலவு குறைந்து பால் கூடியது. நாமோ எதையும் கேட்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறோம்!

பாட்டி கொடுத்தாளே!

இதை ஓரிடத்தில் சொன்னபோது ஒரு மாமி கேட்டார்: "எங்காத்துப் பாட்டி தெனமும் கழுநீரும் கஞ்சியும் குடுப்பாளே, அந்தப் பசுவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

நியாயமான கேள்வி. பாட்டி கொடுத்தது நீர்த்த கஞ்சி. அதில் தவிடும் கலந்திருக்கும். தினமும் ஒரே அளவு, ஒரே பசுவுக்கு. அது பகலெல்லாம் புல் மேய்ந்துவிட்டு வரும் பசு. ரூமெனில் உள்ள நுண்ணுயிர்கள் ஒரு புதிய தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். பழகிய பின் கெடுதல் இல்லை. ஆபத்து திடீரென்று, மொத்தமாகக் கொடுப்பதில்தான் இருக்கிறது.

இந்த ஊரில் உத்தராயணத்தன்று வேகவைத்த தானியத்தில் கூக்ரி செய்து பசுவுக்குக் கொடுக்கிறார்கள். தெரு முனைகளில் பச்சை ரஜ்கோ கட்டுகளை வாங்கிப் போடுகிறார்கள். நாம் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் கொடுக்கிறோம். வடக்கே முதல் ரொட்டி பசுவுக்கு. எல்லாம் நல்ல வழக்கங்கள். ஆனால் ஒரே தெருவில் ஐம்பது வீடுகள், ஒரே பசு. ஒவ்வொருவரும் கொடுப்பது கொஞ்சம்தான். கணக்குப் பார்க்க வேண்டியது பசுவின் வயிறு!

நாம் செய்யக்கூடியவை

1. ச்ராத்தத்தில் பசுவுக்குக் கொடுக்கும் பிண்டத்தால் ஒரு கெடுதலும் இல்லை, அளவு சிறியது. அதோடு மீந்த சமையல் முழுவதையும் சேர்த்துக் கொட்டாதீர்கள். விருந்தில் மிஞ்சியதை அன்றே பசித்த மனிதர்களுக்குக் கொடுங்கள்.

2. கொட்டிலுக்கோ கோசாலைக்கோ போனால், கொடுக்கும் முன் மாடு வைத்திருப்பவரைக் கேளுங்கள். இன்று அது என்ன தின்றது என்று அவருக்குத்தான் தெரியும்.

3. அமாவாசைக்கு அகத்திக்கீரை, இங்கே ரஜ்கோ: ஒரு சிறு கட்டு போதும். ரஜ்கோவை மட்டும் ஈரத்தோடு வயிறு நிறையத் தின்றால் நுரை கட்டி வயிறு உப்பும். உலர்ந்த தட்டையோடு கலந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

4. கோசாலைக்கு விசேஷ நாளில் இனிப்பு வேண்டாம். ஒரு வண்டி உலர்தீவனத்துக்கோ தாது உப்புக்கோ பணம் கட்டுங்கள். அது மாதக் கணக்கில் பயன்படும்.

5. பிளாஸ்டிக் பையில் கட்டி எதையும் வீதியில் எறியாதீர்கள். உணவின் வாசனைக்குப் பையோடு விழுங்கிவிடும். அது செரிக்காது, வெளியேயும் போகாது. வயிற்றிலேயே பந்தாகச் சுருண்டு கிடக்கும். கம்பியும் ஆணியும் இரண்டாவது அறையில் தங்கி, இதயம் வரை குத்தக்கூடும்.

6. தவறிப்போய் அதிகம் தின்றுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி தெரியும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை டாக்டரை அழைக்கச் சொல்லுங்கள். என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. கோக்ராஸம் என்று நாம் சொல்கிறோமே, க்ராஸம் என்றால் ஒரு கவளம். திருமூலரும் திருமந்திரத்தில், எல்லோராலும் செய்யக்கூடிய தர்மங்களில் ஒன்றாக, பசுவுக்கு ஒரு வாய் அளவு கொடுப்பதைச் சொல்கிறார். வடமொழியிலும் தமிழிலும் பெரியவர்கள் அளவைச் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்காமல் இரண்டு வாளி கொண்டுபோனேன்.

இப்போதும் அந்தப் பால்காரரின் கொட்டிலுக்குப் போகிறேன். கையில் ஒரு பிடி புல்தான். கொடுக்கும் முன் அவரைக் கேட்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிய பிறகுதான் கொடுக்கிறேன்.