ஏடு கேட்கும் அவை

பொருநையாறு பொதிய மலையிலே பிறந்து, நெல்லைச் சீமையின் வயல்களை வளப்படுத்தி, கொற்கைக்கு அப்பால் புன்னைக்காயலுக்கு அருகே கடலோடு கலக்கின்றது. அந்தக் கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் பெருந்துறைமுகம். முத்துக் குளிப்புக்குப் பெயர் பெற்ற அவ்வூரை யவன ஆசிரியர்களும் குறித்து வைத்தார்கள். இன்றோ கடல் அவ்வூரை விட்டுச் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. முத்துக்கு வரி வாங்கிய பழைய கணக்கோலை ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. 1968-69-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் வெளிவந்தன. வணிகரும் அரசரும் வாழ்ந்த ஊருக்கு மண்ணுக்குள் கிடந்த ஓடுகள் சாட்சி சொல்கின்றன. அவற்றை நாம் ஆவணமென்று மகிழ்ந்து ஏற்றுக்கொள்கிறோம்.

அதே ஆற்றின் தலைப்பகுதிக்குச் செல்வோம். பாபநாசத்திற்கு மேலே, முண்டந்துறைக் காட்டுக்குள், காணிக்காரர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி முதலியவை அவர்களுடைய குடியிருப்புகள். ‘காணி’ என்ற சொல்லுக்கு வழிவழி வரும் நிலவுரிமை என்பது பொருள். பெயரிலேயே நிலவுரிமையைத் தாங்கிய மலையூர்ப் பெரியவர் ஒருவரை, ‘நீர் இருக்கும் நிலத்திற்குப் பத்திரம் எங்கே?’ என்று அலுவலர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் எதைக் காட்டுவார்? தம் முன்னோரைப் புதைத்த இடத்தைக் காட்டுவார். வழிபடும் மரத்தைக் காட்டுவார். தாளில் எழுதிய பத்திரம் அவரிடம் இராது.

இந்த நிலையை உணர்ந்துதான் நம் பாராளுமன்றம் 2006-ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டத்தை இயற்றிற்று. அதன் கீழ் 2008-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், மூத்தோர் வாய்மொழியை எழுதி வைத்தால் அதுவும் சான்றே என்றன. பழைய கிணறும், இடுகாடும், வழிபாட்டிடமும் சான்றுகளே என்றன. அவற்றை முதலில் ஆராய்ந்து பார்க்கும் அதிகாரத்தை ஊர்ச் சபையாகிய கிராம சபைக்கே சட்டம் அளித்தது. எளியவனிடம் ஏடு கேட்பதில் ஓர் அளவு வேண்டும் என்ற நீதி இதனால் நிலைநாட்டப்பட்டது. இதன் மறுபக்கத்தைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். எளியவனிடம் ஏடு கேட்பதில் அளவு வேண்டுமானால், அவன் நிலத்தைக் காக்கப் பொறுப்பேற்றவர்களிடம் ஏடு கேட்பதில் உறுதி வேண்டாமா?

1950-ஆம் ஆண்டில் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் பாதுகாப்புகளைக் கண்காணிக்கும் பணி தனி அலுவலர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பின்னர் இருசாராருக்கும் பொதுவாக ஓர் ஆணையம் அமைந்தது. 2004-ஆம் ஆண்டில் தேசியப் பழங்குடியினர் ஆணையம் தனியாகப் பிரிந்தது. பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுப்பதும், பெருந்திட்டங்களால் இடம் பெயர்ந்தவர்களுக்கு மறுவாழ்வு கிடைக்கச் செய்வதும் 2005-ஆம் ஆண்டு முதல் அதன் கடமைகளுள் சேர்ந்தன. ஆகவே அதனை நிலங்காக்கும் ஆணையம் என்றும் சொல்லலாம்.

இந்த ஆணையத்திற்கு உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரங்கள் உண்டு. எவரையும் அழைத்து விசாரிக்கலாம். எந்த ஆவணத்தையும் கொண்டு வரச் சொல்லலாம். எந்த அலுவலகத்திலிருந்தும் பொதுப் பதிவேட்டைக் கேட்டுப் பெறலாம். அரசியல் சட்டத்தின் 338-அ பிரிவு இவ்வளவையும் அளிக்கின்றது. அதே பிரிவு ஒரு கடமையையும் விதிக்கின்றது. ஆணையம் ஆண்டுதோறும் குடியரசுத் தலைவரிடம் அறிக்கை அளிக்கவேண்டும். அவ்வறிக்கை பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படவேண்டும். எந்தப் பரிந்துரையை அரசு ஏற்றது, எதனை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று விளக்கும் குறிப்பும் உடன் வரவேண்டும். பிறரிடம் ஏடு கேட்கும் ஆணையம், மக்களின் அவைக்குத் தன் ஏட்டைக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது.

நடைமுறை எவ்வாறு இருந்தது? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நலனுக்கான பாராளுமன்றக் குழு ஒன்று உண்டு. மக்களவையிலிருந்து 20 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் அதில் அமர்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் அக்குழு வெளியிட்ட அறிக்கை மிகவும் வருந்தத்தக்க செய்தியைச் சொல்லிற்று. நான்கு ஆண்டுகளாக ஆணையம் செயலற்றிருந்தது என்றும், அக்காலத்தில் ஓர் அறிக்கை கூடப் பாராளுமன்றத்திற்கு வந்து சேரவில்லை என்றும் குழு கடிந்துரைத்தது. போதிய ஆட்களும் பணமும் ஆணையத்திற்கு இல்லாமற் போனதையும் அது மறைக்கவில்லை. 2018 முதல் ஆணையத்தின் அறிக்கைகள் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் பரிசீலனையில் தங்கிக் கிடந்தன. கோதாவரியில் எழும் போலவரம் அணையால் இடம் பெயரும் பழங்குடியினரைப் பற்றிய ஆய்வு அவற்றுள் ஒன்று. ரூர்கேலா உருக்காலையைப் பற்றிய தனி அறிக்கை மற்றொன்று.

இந்த இரண்டு ஏடுகளும் யாருடைய வாழ்வைப் பற்றியவை? நாட்டின் ஆக்கத்திற்கென்று தம் ஊரையும் வயலையும் விட்டுக் கொடுத்தவர்களின் வாழ்வைப் பற்றியவை. அவர்கள் பேசியதை ஆணையம் கேட்டு எழுதியது. எழுதியது அவைக்கு வராமல் மேசையில் தங்கினால், அந்த மக்கள் பேசியும் பேசாதவர்கள் ஆகிறார்கள். அணையின் சுவர் ஆண்டுதோறும் உயர்கிறது. அறிக்கை நான்கு ஆண்டு தாமதித்து வந்தால், நீருக்கடியில் போன ஊருக்கு அதனால் என்ன பயன்?

‘எல்லா ஏடுகளையும் அவையில் வைத்துவிட முடியுமா? சிலவற்றை மறைத்து வைப்பதும் நன்மைக்கே அன்றோ?’ என்று ஒரு சாரார் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மக்களவையின் 270-ஆம் விதி, ஆட்களையும் தாள்களையும் வரவழைக்கும் அதிகாரத்தைக் குழுக்களுக்கு அளிக்கின்றது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு நேரும் எனக் கருதினால் ஓர் ஆவணத்தைத் தர அரசு மறுக்கலாம் என்று அதே விதி இடமும் தருகின்றது. ஆனால் வீடிழந்த குடும்பத்திற்கு இழப்பீடு கிடைத்ததா என்று சொல்லும் அறிக்கையால் நாட்டின் பாதுகாப்புக்கு எவ்வாறு ஊறு நேரும்?

உண்மையாகவே மறைத்துக் காக்கவேண்டிய ஏடு எது என்பதற்கு ஆஸ்திரேலிய நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் காட்டலாம். அங்கே ஹிண்ட்மார்ஷ் தீவுக்குப் பாலம் கட்ட முயன்றபோது, அவ்விடம் தங்கள் பெண்களின் மறைவான வழிபாட்டு அறிவோடு தொடர்புடையது என்று நரிஞ்சேரி என்னும் ஆதிகுடிப் பெண்கள் முறையிட்டார்கள். 1994-ஆம் ஆண்டில் அமைச்சர் பாலப் பணிக்கு 25 ஆண்டுத் தடை விதித்தார். பெண்கள் மட்டுமே படிக்கவேண்டும் என்று குறித்து முத்திரையிட்ட இரண்டு உறைகள் அதற்கு ஆதாரமான அறிக்கையோடு இருந்தன. அவை தவறுதலாக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்திற்குப் போய்ச் சேர்ந்தன, அங்கே படியெடுக்கப்பட்டன. இது வெளியானதும் எழுந்த கண்டனத்தால் 1995 மார்ச்சு மாதத்தில் அவர் எதிர்க்கட்சியின் முன்வரிசைப் பொறுப்பிலிருந்து விலகினார். பாலம் 2001-ஆம் ஆண்டில் கட்டப்பட்டுவிட்டது என்பது வேறு கதை.

இதிலிருந்து நாம் பெறும் தெளிவு ஒன்று உண்டு. ஒரு குடியின் தெய்வமும் மறையும் அந்தக் குடிக்கே உரியவை. அவற்றைத் திறக்க எந்த அவைக்கும் உரிமை இல்லை. அக்குடியின் நிலத்தை அரசு என்ன செய்தது என்ற கணக்கோ மக்கள் அனைவருக்கும் உரியது. அதனை மூடி வைக்க எந்த அமைச்சகத்திற்கும் உரிமை இல்லை. முதல் வகை ஏட்டைக் கேட்டுத் தொல்லை செய்வதும், இரண்டாம் வகை ஏட்டைக் கேளாமல் வாளாவிருப்பதும் இரண்டும் பிழையே.

அவை தன் கடமையைச் செய்யாமல் தடைபடுவது எவ்வளவு தீது என்பதை நம் நெல்லைச் சீமை முன்பே அறிந்திருந்தது. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் என்னும் ஊர் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 800-ஆம் ஆண்டளவில், மாறஞ்சடையன் என்ற பாண்டியன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அவ்வூர்க் கோயிலில் உள்ளது. ஊர்ச் சபையில் யார் அமரலாம், எவ்வாறு நடக்கவேண்டும் என்பதை அது விதிக்கின்றது. எதைச் சொன்னாலும் ‘அன்று’ என்றே சொல்லிச் சபையின் காரியத்தை முடக்குபவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்று அது கூறுகின்றது. நிலமுடையோர் மட்டுமே கூடிய சபை அது; இன்றைய மக்களாட்சிக்கு அதனை ஒப்பிட முடியாது. ஆயினும் காரியத்தை முடக்குவது குற்றம் என்றும், அக்குற்றத்திற்கு விலை உண்டு என்றும் அச்சபையார் கல்லிலே எழுதி வைத்தார்கள். ‘இல்லை’ என்று சொல்லி முடக்குவது ஒரு வகை. ஒன்றும் சொல்லாமல், ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று காலம் கடத்துவது இன்னொரு வகை.

இதற்கு மருந்து யாது? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, சாதாரணக் குடிமகன் ஒருவன் கேட்டாலும் பொதுவாக 30 நாட்களுக்குள் அலுவலகம் விடை தரவேண்டும். ஆணையத்தின் அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைப்பதற்கோ அரசியல் சட்டம் காலவரம்பு எதையும் குறிக்கவில்லை. அந்த இடைவெளியிலேதான் ஏடுகள் உறங்கிப் போகின்றன. அறிக்கை கிடைத்த நாளிலிருந்து அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் அது அவைக்கு வந்தாகவேண்டும் என்ற வரம்பு வேண்டும். அரசின் விளக்கக் குறிப்பு ஆயத்தமாகவில்லை என்றால், அறிக்கை முன்னே வரட்டும். குறிப்பு பின்னே வரட்டும். ஆணையத்தின் இருக்கைகளும் பணியிடங்களும் காலியாகக் கிடவாமல் பார்த்துக்கொள்வதும் வேண்டும். எழுத ஆளில்லாத ஆணையத்திடம் ஏடு கேட்டு என்ன பயன்?

நேயர்களே, பொதியமலைக் காணிக்காரர் பாராளுமன்றத்தைக் கண்டிருக்கமாட்டார். ஆனால் அவர் இறங்கி வராத அந்தத் தொலைவிலிருந்து அவருக்காகப் பேசவேண்டியவை அந்த ஏடுகளே. கொற்கையின் கதையைச் சொல்ல ஓடுகள் இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் காத்திருந்தன. இறந்த ஊருக்கு அந்தப் பொறுமை தகும். வாழும் மக்களை அவ்வாறு காத்திருக்கச் சொல்வது அறமன்று.