பிழையைச் சொன்னது யார்?

விண்கலங்களில் செல்லும் அறிவியல் கருவிகளின் அமைப்புப் பொறியியலில் ஆய்வு செய்கிறேன். ஆடி செய்பவர், மின்சுற்று அமைப்பவர், மென்பொருள் எழுதுபவர் எனப் பலரின் உழைப்பை ஒன்றாகப் பொருத்தி, முழுக் கருவியும் ஒழுங்காக இயங்குமா என்று சோதிப்பதே அமைப்புப் பொறியாளரின் வேலை.

1990இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி மங்கலான படங்களை அனுப்பியது. அதன் 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்ந்து தட்டையாக இருந்தது. ஆடியை அளந்த முதன்மைச் சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியிருந்ததே காரணம். வேறு இரண்டு கருவிகள் ஆடி தயாரான காலத்திலேயே பிழையைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. 'உயர்ந்த' கருவியை மட்டுமே நம்பினார்கள். 1993இல் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

நம் பிள்ளைகள் ஆய்வகத்தில் பிழையைச் சுட்டும்போது, 'கோட்டாவில் வந்தவர்' என்று ஒதுக்குவதும் இதுவேதான். தகுதி பேசுகிறவர்களின் அளவுகோலை யார் சோதிப்பது? இட ஒதுக்கீடு நம் உரிமை. அதில் வந்தவர் எடுத்த அளவீட்டையும் பதிவு செய்யுங்கள். தவறென்றால் சோதித்துக் காட்டுங்கள். சாதி பார்த்துத் தள்ளாதீர்கள்.