மனரம்மியம் – கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இது மாதிரி ஒன்றுகூடலில் முதல் அரை மணி நேரம் ஒரே சந்தோஷம். அப்புறம் கணக்கு ஆரம்பித்துவிடும். "இப்ப எங்கே இருக்கே? பையன் அமெரிக்காவா? சொந்த வீடா?" கேட்கிறவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனாலும் பதில் சொல்லும்போது மனசுக்குள் ஒரு தராசு ஆடுகிறது. இந்தக் கணக்குக்குப் பயந்தே வராமல் இருந்துவிடுகிற நண்பர்களும் உண்டு. மாணவர்களுக்கோ, கேம்பஸ் இன்டர்வியூவில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஆகவேதான் மனநிறைவைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன்.

தமிழ் வேதாகமத்தில் இதற்கு ஓர் அழகான சொல் இருக்கிறது: மனரம்மியம். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், எந்த நிலைமையிலும் மனரம்மியமாக இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் அப்போஸ்தலர் எழுதுகிறார். கவனியுங்கள், 'கற்றுக்கொண்டது' என்கிறார். பிறவிக் குணம் என்று சொல்லவில்லை. விசுவாசியான அன்றைக்கே கிடைத்த வரம் என்றும் சொல்லவில்லை. அது பாடம், வருஷக்கணக்காகப் படித்த பாடம். எழுதும்போது அவர் கட்டுண்ட கைதி. தீர்ப்பு வாழ்வா, சாவா என்று தெரியாத நிலை. அந்த நிருபத்தில்தான் சந்தோஷத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறார்.

கிறிஸ்தவ மாணவர்கள் பலர் பரீட்சை நேரத்தில் நோட்டின் முதல் பக்கத்தில் 'பிலிப்பியர் 4:13' என்று எழுதிவைப்பார்கள். கிறிஸ்து தரும் பெலத்தைப் பற்றிய வசனம் அது. முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே பேச்சு வெற்றியைப் பற்றியதல்ல. வயிறு நிறைந்த நாளையும் பட்டினி கிடந்த நாளையும் பற்றியது. முதல் வகுப்பு வந்தாலும் அரியர்ஸ் விழுந்தாலும் நிலைகுலையாமல் நிற்கிற பெலன் என்று வாசித்தால் பொருத்தமாக இருக்கும்.

"அப்படின்னா கிடைச்சது போதும்னு சும்மா இருந்துடணுமா, சார்?" என்று மாணவர்கள் கேட்கலாம். இல்லை. இதே பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். நடுராத்திரியில் இருவரும் துதித்துப் பாடினார்கள். பொழுது விடிந்ததும் அதிகாரிகள் சத்தமில்லாமல் வெளியே அனுப்பப் பார்த்தார்கள். பவுல் ஒத்துக்கொள்ளவில்லை. ரோமக் குடிமக்களை அடித்தவர்கள் தாங்களே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்றார். அவர்களும் வந்தார்கள். பாடியவரும் அவர்தான், நியாயம் கேட்டவரும் அவர்தான். அநியாயத்தைப் பொறுத்துக்கொள் என்று ஏழையிடம் சொல்வதற்கு மனரம்மியம் என்று பெயர் அல்ல.

இந்தப் பாடத்தைப் படித்த ஒருவர் நம் வேலூரிலேயே வாழ்ந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. இளம் டாக்டர், வாழ்க்கையே முன்னால் இருந்தது. கால்கள் திரும்பவே இல்லை. அந்நாளில் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்திச் சீராக்கிவந்தார். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அதைச் செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ விருது. 1986-ல் மறைந்தார்.

அவர் உழைப்புக்குப் 'போதும்' சொல்லவில்லை. இழந்ததை எண்ணிக்கொண்டே இருப்பதற்குத்தான் 'போதும்' சொன்னார் என்று நான் புரிந்துகொள்கிறேன். கையில் மிச்சமிருந்ததைக் கர்த்தரிடம் கொடுத்தார். அது பலருக்குக் கையும் காலும் ஆயிற்று.

போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான். அந்தப் 'போதும்' எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கிறிஸ்தவ விசுவாசம் ஒரு பதில் தருகிறது. நான் சம்பாதிப்பதற்கு முன்பே தேவன் என்னை நேசித்துவிட்டார். ஆகவே என் மதிப்பை இனி யாருடைய தராசிலும் நிறுத்துக் காட்ட வேண்டியதில்லை. இதை நம்புகிறவனுக்கு அடுத்தவன் உயர்வு உறுத்தாது. தன் தாழ்வும் வெட்கமாக இராது.

இன்னொன்றும் உண்டு. மனரம்மியத்தைப் பற்றிய அந்தப் பகுதியே, பிலிப்பி சபையார் அனுப்பிய உதவிக்குப் பவுல் எழுதிய நன்றிதான். திருப்தியுள்ளவன் யாரும் வேண்டாம் என்று இருக்கிறவன் அல்லன். கூச்சமில்லாமல் வாங்கவும் தெரிந்தவன். கஷ்டத்தில் இருக்கிற நண்பர்களே, கேட்பதற்குத் தயங்காதீர்கள். வசதியாக இருக்கிறவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வராத வகுப்புத் தோழர் ஒருவருக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். என்ன சம்பாதிச்சே என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கியாப்பா என்று மட்டும் கேளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.