ரெண்டாவது பிரவுனி: கஞ்சா பத்தி முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது

இன்னைக்கு டாபிக் கஞ்சா. அம்மா பக்கத்துல இருக்காங்கன்னா ஹெட்ஃபோன் மாட்டிக்கோங்க. இல்ல, அவங்களையும் கூப்பிட்டு கேக்க வைங்க, அது இன்னும் நல்லது. நான் டாக்டரும் கிடையாது, வக்கீலும் கிடையாது. அடிச்சுப் பாருங்கன்னு சொல்லப்போறதில்ல. ஸ்கூல் சுவத்துல இருக்குற மண்டையோடு போஸ்டர் மாதிரியும் பேசப்போறதில்ல. ஒரு ராத்திரி எங்களுக்குத் தெரியாம போன சில விஷயங்களைச் சொல்றேன், அவ்வளவுதான்.

காலேஜ் மூணாவது வருஷம். ஓஎம்ஆர் பக்கம் ஒரு வாடகை ரூம், அஞ்சு பேர். ஒருத்தன் பிரவுனி கொண்டு வந்தான், உள்ள கஞ்சா. எங்கள்ல ஒருத்தனுக்கு அதுதான் முதல் தடவை. பேர் வேண்டாம், மாப்ளன்னு வெச்சுக்கலாம். ஒண்ணு சாப்பிட்டான். முக்கால் மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் ஆகல. "ஏமாத்திட்டாங்கடா"ன்னு சொல்லி ரெண்டாவதையும் சாப்பிட்டான். ரெண்டு மணி நேரத்துல சுவரோட ஒட்டி உக்காந்து, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, "மச்சான், நான் சாகப்போறேன்டா"ன்னு அழுதான்.

எங்க அவ்வளவு பேருக்கும் புரியாத விஷயம் இதுதான். புகைக்கறதும் சாப்பிடறதும் ஒரே சரக்கா இருந்தாலும் உடம்புல ஓடற கடிகாரம் வேற. புகைச்சா நுரையீரல் வழியா நிமிஷங்கள்ல மூளைக்குப் போயிடும், அரை மணி நேரத்துக்குள்ள உச்சம், ரெண்டு மூணு மணி நேரத்துல இறங்க ஆரம்பிக்கும். சாப்பிட்டா வயிறு, குடல், கல்லீரல்னு சுத்தி வரணும். தெரியவே அரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரம் ஆகும். கல்லீரல் அதை வேற ஒரு பொருளா மாத்தும், அது மூளைக்குள்ள இன்னும் சுலபமா நுழையும். ஆறு எட்டு மணி நேரம் இருக்கலாம், மறுநாள் காலைலயும் தலை கனக்கலாம். மாப்ள ரெண்டாவது பிரவுனியை வாயில போடும்போது முதல் பிரவுனி இன்னும் வேலையையே ஆரம்பிக்கல.

போதை தர்ற பொருளுக்குப் பேரு டிஎச்சி. 1964ல இஸ்ரேல்ல ரஃபேல் மெக்குலமும் யெஹியேல் கவோனியும் பிரிச்செடுத்தாங்க. அதே செடியில சிபிடின்னு இன்னொண்ணு இருக்கு, அது அந்த மாதிரி போதை தராது. ஒரு பொட்டலத்துல எது எவ்வளவு இருக்குன்னு வாங்கறவனுக்கும் தெரியாது, விக்கறவனுக்கும் தெரியாது. "எங்க தாத்தா காலத்துலேயே இருந்துச்சுடா"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். இருந்துச்சு. ஆனா அமெரிக்காவுல போலீஸ் பிடிச்ச கஞ்சாவைச் சோதிச்சப்போ, 1995ல சராசரியா 4% இருந்த டிஎச்சி 2014ல 12% கிட்ட வந்திருந்துச்சு. தாத்தாவோட செடியும் இதுவும் ஒண்ணுன்னு நம்பறதுக்கு முன்னாடி யோசிங்க.

சரி, ரூமுக்கு வருவோம். ஒருத்தன் எலுமிச்சை ஜூஸ்னான், ஒருத்தன் மோர்னான், இன்னொருத்தன் குழாய்க்கு அடியில தலையைப் பிடிச்சான். எதுவும் போதையை முறிக்காது. நேரம்தான் முறிக்கும். பயம் வந்து படபடக்கறவங்களை அமைதியான இடத்துல உக்கார வெச்சு, கொஞ்சம் தண்ணி குடுத்து, "இது இறங்கிடும்"னு சொல்லிக்கிட்டே ஒருத்தர் கூடவே இருக்கணும். தூங்கினா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாந்தி வந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போகக் கூடாது. தனியா விடவே கூடாது, பைக் சாவியைக் குடுக்கவே கூடாது. மேல சரக்கு ஊத்தக் கூடாது. ஆல்கஹால் சேர்ந்தா ரத்தத்துல டிஎச்சி இன்னும் ஏறும்.

எழுப்பினா எழலேன்னா, நெஞ்சு வலின்னா, வலிப்பு வந்தா, மூச்சு சிரமம்னா, வாந்தி நிக்கலேன்னா, இல்லாததை நம்பி குதிக்கப் போறேன் வெட்டப் போறேன்னா 108. ஒரு குழந்தை தெரியாம சாப்பிட்டிருந்தா எந்த அறிகுறிக்கும் காத்திருக்காதீங்க, உடனே 108. பெரியவங்களுக்கு கஞ்சா மட்டும்னா மூச்சு நின்னு போறது ரொம்ப அபூர்வம், ஆனா குழந்தைங்க கோமா வரைக்கும் போகலாம்.

அன்னைக்கு நாங்க 108 கூப்பிடல. காரணம் போலீஸ். இதைச் சொல்ல இப்பவும் வெட்கமா இருக்கு. மாப்ள மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தான். பக்கத்துல இருந்தவன் முழிச்சிருந்ததால புரட்டிப் போட்டான். அவனும் தூங்கியிருந்தா?

அப்போ நாங்க பயந்த சட்டம் என்னதான் சொல்லுது? 1985 போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சா பயன்படுத்தினதுக்கு அதிகபட்சம் 6 மாசம் சிறை, இல்ல 10,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். ஒரு கிலோ வரைக்கும் "சிறிய அளவு"ன்னு வரும். அப்படின்னா விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க, வெச்சிருந்ததுக்கு ஒரு வருஷம் வரை கடுங்காவல் இருக்கு. தெரிஞ்சே ரூமை இதுக்குக் குடுத்தவருக்கும் தண்டனை உண்டு, அதனால அக்ரிமெண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்க யோசிங்க. பாங்கு, அதாவது வெறும் இலை, மத்திய சட்டம் சொல்ற கஞ்சாவுக்குள்ள வராது. அதான் உத்தரப் பிரதேசத்துல, ராஜஸ்தான்ல லைசென்ஸ் கடை. அங்க விக்கறாங்கன்னு பையில போட்டு இங்க கொண்டு வராதீங்க, மாநிலச் சட்டம் வேற. பாங்காக் போய்ட்டு வர்றவங்களுக்கும் இதேதான். இது எல்லாமே நிஜமான பயம்தான், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா ஒருத்தன் மூச்சையும் 6 மாசத்தையும் ஒரே தராசுல வெச்சுப் பார்த்தோமே, அங்கதான் தப்பு பண்ணோம். ஆஸ்பத்திரியில என்ன சாப்பிட்டான், எப்போ சாப்பிட்டான், எவ்வளவுன்னு உண்மையைச் சொல்லுங்க. தெரியாத மயக்கம்னு சொன்னா டாக்டர் வேற எதையோ தேடிட்டு இருப்பார்.

"இயற்கையானது, அடிமையாக்காது"ங்கறதையும் பார்த்துடலாம். பயன்படுத்தறவங்கள்ல பத்துல ஒருத்தர் கிட்ட சிக்கறாங்க, டீன் ஏஜ்ல ஆரம்பிச்சவங்கள்ல ஆறுல ஒருத்தர். நிறுத்தினா தூக்கம் வராது, எரிச்சல், பசி இருக்காது. மூளை இருபத்தஞ்சு வயசு கிட்ட வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கு, அதனால 17க்கும் 30க்கும் பாதிப்பு ஒரே மாதிரி இல்ல. வீட்டுல யாருக்காவது மனச்சிதைவு, பைபோலார் இருந்திருந்தா, ப்ளீஸ், வேண்டவே வேண்டாம். அவங்களுக்கு இது வெறும் ஒரு கெட்ட ராத்திரியோட முடியாம போகலாம்.

ரொம்ப நாள் அடிக்கறவங்களுக்கு ஒண்ணு: திரும்பத் திரும்ப வாந்தி வருது, சுடுதண்ணியில குளிச்சா மட்டும் அடங்குதுன்னா, அது கஞ்சாவாலேயே வரலாம். வயித்துக்கு ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்துட்டு இருக்கறவங்க இதை டாக்டர்கிட்ட சொல்லுங்க.

நிறுத்தணும்னு தோணுதா, 14446, போதை மீட்புக்கான இலவச ஹெல்ப்லைன். மனசுதான் பிரச்சனைன்னா டெலி மானஸ், 14416, தமிழ்லயே பேசலாம்.

மாப்ள மறுநாள் பதினோரு மணிக்கு எழுந்து இட்லி கேட்டான். ரெண்டாவது பிரவுனி சாப்பிட்டது அவனுக்கு ஞாபகமே இல்ல. இந்த எபிசோடு பண்ணட்டுமான்னு கேட்டதுக்கு, "பண்ணு, ஆனா நான் அழுததைச் சொல்லாத"ன்னான். சொல்லிட்டேன், சாரிடா.